ஊர் படிப்பகத்துக்கு அரசு நிதி வாங்கணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

வாய்க்கால்கரை:

எல்லாருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம் எங்களோடது. 2014ல பசங்க பதினோரு பேர் சேந்து இளைஞர் நற்பணி மன்றம் ஆரம்பிச்சு, மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல சங்கமா ரிஜிஸ்டர் பண்ணோம். அப்பலேருந்து ஒரு படிப்பகம் நடத்துறோம். மொதல்ல கீத்துக் கொட்டகை. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச ராத்திரி கூரை மொத்தமும் போச்சு, விடிஞ்சு போய் பாத்தா புத்தகமெல்லாம் சேத்துல கெடக்கு. ஊர்ல எந்த வீட்லயும் கரண்ட் இல்ல, பாதி வீட்டுக்கு ஓடு இல்ல, அந்த நெலமையிலயும் பக்கத்து வீட்டு அம்மாக்கள் திண்ணையில கோணி விரிச்சு ஒவ்வொரு புத்தகமா பிரிச்சுக் காய வெச்சுக் குடுத்தாங்க. அதுல ஒரு நானூறு தேறுச்சு. இப்பவும் அந்தப் புத்தகங்களைத் தொறந்தா பக்கம் அலை அலையா நிக்கும், ஓரத்துல மண்ணு கறை இருக்கும்.

இப்ப தகரக் கொட்டகை, 1,400 புத்தகம் இருக்கு. குரூப் 4க்கும் போலீஸ் பரீட்சைக்கும் படிக்கிற புள்ளைங்க தெனம் இருபது பேர் வருது, அதுல பாதிக்கு மேல பொம்பளப் புள்ளைங்க. சித்திரை வைகாசில பகல்ல உள்ள உக்கார முடியாது, தகரம் அப்படிக் கொதிக்கும், அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் படிக்கிறாங்க. ஒரு நல்ல கட்டடம், கொஞ்சம் புத்தகம், நாலு ஃபேன், அவ்ளோதான் கேக்குறோம்.

அரசாங்கத்துல இதுக்கெல்லாம் நிதி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எந்த ஆபீஸ், எந்த ஃபாரம்னு கேட்டா யாருக்கும் தெரியல. போன வாரம் ஒருத்தர் வந்து "சென்ட்ரல் கவர்மெண்ட் ஸ்கீம்ல 10 லட்சம் வாங்கித் தர்றேன், 20 பர்சென்ட் முன்னாடியே குடுத்துருங்க" அப்படின்னு பேசிட்டுப் போயிருக்கார். கமிட்டில ரெண்டு பேர் குடுத்துப் பாக்கலாம்ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. 80ஜி இல்லாம எதுவும் கெடைக்காதுன்னும் சொல்றாங்க, அது நெசமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாடக்குளம் அக்கா:

தம்பி, அந்த 20 பர்சென்ட் ஆளுக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்க. மத்ததை எல்லாம் அப்புறம் பேசலாம்.

நாங்க வயசானவங்களுக்குப் பகல் நேரப் பராமரிப்பு மையம் நடத்துறோம். ஆறு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒருத்தர் வந்தார், டெல்லில ஆள் இருக்குன்னார், ஃபைல் நம்பர்னு ஏதோ ஒரு நம்பர் காட்டினார், நாங்க நம்பி 40,000 குடுத்தோம். அது யாரோட பணம் தெரியுமா, உண்டியல்ல மூணு வருஷமா சேத்தது. அதுக்கப்புறம் போன் எடுக்கல. அதைவிடக் கொடுமை, எங்க பதிவுச் சான்றிதழ், பான் கார்டு காப்பி, தலைவர் செயலாளர் கையெழுத்து போட்ட வெத்து லெட்டர்பேடு நாலு, எல்லாத்தையும் அவர்கிட்ட குடுத்துட்டோம். அதை எங்க பயன்படுத்துனாரோன்னு இன்னைக்கும் எனக்குத் தூக்கம் வராத ராத்திரி உண்டு. பணத்தைக் கூட விட்டுரலாம், வெத்துத் தாள்ல கையெழுத்து மட்டும் யாருக்கும் போட்டுக் குடுத்துராதீங்க.

மத்திய அரசுல பெரும்பாலான துறைல நிதி கேட்டா விண்ணப்பம் ஆன்லைன்ல நாமளே போடுறதுதான். எங்க மாதிரி முதியோர் வேலைக்கு சமூகநீதி அமைச்சகத்தோட இ-அனுதான்னு ஒரு போர்ட்டல் இருக்கு, கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு காலேஜ் புள்ளைய பக்கத்துல வெச்சுக்கிட்டு நாங்களே போட்டோம், அதுக்கு ஒரு பைசா கட்டணம் கெடையாது. தமிழ்ல இருந்தா இன்னும் எத்தனை பேர் போடுவாங்கன்னு நெனச்சுக்குவேன்.

பேரேடு:

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பதினாறு வருஷமா வேலை பாக்குறேன், சங்கம் டிரஸ்ட் கணக்குதான் என் டேபிளுக்கு வரும். பேப்பர் விஷயத்தை மட்டும் சொல்றேன்.

80ஜி இல்லாம எதுவும் கெடைக்காதுங்கறது தப்பு. 80ஜிங்கறது நமக்கு நன்கொடை குடுக்குறவங்களுக்கு வருமான வரியில கழிவு கெடைக்கிறதுக்கு. 12ஏங்கறது சங்கத்தோட வருமானத்துக்கு வரி விலக்கு. சில ஸ்கீம்ல இதைக் கேப்பாங்க, கம்பெனிகளோட சிஎஸ்ஆர், அதாவது சமூகப் பொறுப்பு நிதிப் பணம் வேணும்னா கண்டிப்பா வேணும், கூடவே அந்தப் பணம் வாங்குற அமைப்பா பதியுற சிஎஸ்ஆர்-1 ஃபாரமும் போட்டிருக்கணும், அது 2021 ஏப்ரல்லேருந்து கட்டாயம். ஆனா உங்க நெலமைக்கு அது ரெண்டாவது படி.

மொத படி என்னன்னா சங்கம் உயிரோட இருக்கான்னு பாக்கணும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 படி வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவு கணக்கு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் மாவட்டப் பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும். எங்கிட்ட வர்ற பத்து சங்கத்துல ஏழு சங்கம் ரிஜிஸ்டர் பண்ண வருஷத்தோட சரி, அப்புறம் அந்த ஆபீஸ் பக்கமே போயிருக்காது. நிதி கேக்கப் போற அன்னைக்குத்தான் அது தெரியும், அப்ப ஓடி என்ன பண்றது. நீங்க எந்த வருஷம் வரைக்கும் தாக்கல் பண்ணிருக்கீங்கன்னு மொதல்ல பாருங்க.

அடுத்து பைலால, அதாவது சங்கத்தோட விதிமுறைப் புத்தகத்துல, நோக்கங்கள்னு ஒரு பக்கம் இருக்கும், அதை எடுத்துப் படிங்க. நெறைய நற்பணி மன்றத்துல விளையாட்டு, கோயில் திருவிழா, ரத்ததானம்னு எழுதியிருப்பாங்க, நூலகம்ங்கற வார்த்தையே இருக்காது. நூலகத்துக்கு நிதி கேட்டா மொதல் ஆள் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார். இல்லன்னா பொதுக்குழு கூட்டி சிறப்புத் தீர்மானம் போட்டுத் திருத்தம் பண்ணி, அதையும் பதிவாளர்கிட்ட பதியணும்.

அப்புறம் சங்கத்தோட பேர்ல பான் கார்டு, சங்கத்தோட பேர்ல பேங்க் அக்கவுண்ட். செயலாளரோட சொந்த அக்கவுண்ட்ல பணம் வந்து போச்சுன்னா எவ்ளோ நேர்மையா இருந்தாலும் ஆடிட்ல நிக்காது. மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட் ரெடி பண்ணி வைங்க, மத்திய அரசு ஸ்கீம் பெரும்பாலும் மூணு வருஷம் கேக்கும். இதெல்லாம் ஆனதும் தன்னார்வ அமைப்புகளைப் பதியுற நிதி ஆயோக்கோட என்ஜிஓ தர்பன் போர்ட்டல்ல பதிஞ்சு ஒரு ஐடி வாங்கிக்கணும், மத்திய அமைச்சகம் எதுல விண்ணப்பிச்சாலும் அந்த நம்பரைக் கேக்கும். பதிவுச் சான்று, சங்க பான், நிர்வாகிகளோட பான் ஆதார் விவரம் வேணும். இதுவும் இலவசம்தான், இதுக்கு 5,000 வாங்குற ஆளும் இருக்காங்க.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன், மினிட் புக், அதாவது கூட்டத்துல நடந்ததை எழுதுற நோட்டு. அதை எழுதுறதை யாரும் ஒரு வேலையாவே நெனக்கிறதில்ல. ஒரு சங்கத்துக்கு ஒன்பது வருஷத்துக்கு மினிட் புக்கை ஒரே ராத்திரில ஒரே பேனால எழுதி எடுத்துட்டு வந்தாங்க, 2015லயும் 2023லயும் அதே நீல மை, அதே கையெழுத்து, அதே ஏழு பேர். பாத்த உடனே தெரிஞ்சுரும். கூடினது நாலு பேர்னா நாலு பேர்னு எழுதுங்க, தேநீர் செலவு 60 ரூபான்னா 60னு எழுதுங்க. அப்படி எழுதின புக்கைப் பாத்தா எந்த அதிகாரிக்கும் ஒரு மரியாதை வரும், நான் கண்ணால பாத்திருக்கேன்.

வாய்க்கால்கரை:

அக்கா, உங்களுக்கு நடந்ததைப் படிச்சுட்டு இப்பவே கமிட்டி குரூப்ல போட்டுட்டேன். அந்த ஆளுக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு.

பேரேடு சார், நீங்க சொன்ன மாதிரியே ஃபைலை எடுத்துப் பாத்தேன். கடைசியா 2019ல தாக்கல் பண்ணிருக்கோம். அதுக்கப்புறம் கொரோனா, அப்புறம் எங்க செயலாளர் சிங்கப்பூர் போயிட்டார், அப்படியே விட்டுப்போச்சு. பைலால "கல்வி வளர்ச்சி"ன்னு இருக்கு, நூலகம்னு இல்ல. மினிட் புக் 2021 வரைக்கும் இருக்கு. இதை இப்ப சரி பண்ண முடியுமா? இன்னொரு விஷயம், இப்ப கொட்டகை இருக்குற எடம் ஊர்ப் பெரியவர் ஒருத்தரோட பட்டா எடம், வாய் வார்த்தையா குடுத்தது. அதுல கட்டடம் கட்ட நிதி கேக்கலாமா?

பேரேடு:

சரி பண்ணலாம். விட்டுப்போன ஒவ்வொரு வருஷத்துக்கும் கணக்கு தயார் பண்ணி, காலதாமதக் கட்டணம் கட்டி, பதிவாளர் ஆபீஸ்ல குடுக்கணும், கொஞ்சம் அலைச்சல், ஆனா முடியும். நிர்வாகி மாறுனதையும் சேத்துப் பதிஞ்சுருங்க. செயலாளர் சிங்கப்பூர்ல, கையெழுத்து இங்கன்னு இருக்கக் கூடாது. எடத்தைப் பத்தி வேற யாராவது சொல்லுங்க.

ஒன்றியத்துப் பழையவர்:

நான் ஊரக வளர்ச்சித் துறைல ஊராட்சி ஒன்றியத்துல இருந்து ஓய்வு பெற்றவன். எடத்துக்கு நான் சொல்றேன் தம்பி. பட்டா எடத்துல, அதுவும் தனியார் பேர்ல இருக்குற எடத்துல, அரசுப் பணத்துல கட்டடம் வராது, அதை மறந்துருங்க. பெரியவர் மனசு நல்ல மனசு, அவருக்கப்புறம் புள்ளைங்க மனசு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும். ஊராட்சி எடமோ கிராம நத்தமோ பாருங்க, இல்ல பெரியவர் சம்மதிச்சா ஊராட்சி பேருக்குத் தானப் பத்திரம் எழுதிக் குடுக்கட்டும்.

உங்களுக்குப் பொருத்தமானது மாநில அரசோட நமக்கு நாமே திட்டம். 1997ல ஆரம்பிச்சது, நடுவுல தன்னிறைவுத் திட்டம்னு வேற பேர்ல நடந்துச்சு, 2021ல பழைய பேர்லயே திரும்ப வந்துச்சு. மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்கு மக்கள் போடணும், மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புன்னா அஞ்சுல ஒரு பங்கு போட்டா போதும். பள்ளிக் கட்டடம், நூலகம், சுற்றுச்சுவர், விளையாட்டுத் திடல், பாலம் இதுக்கெல்லாம் கேக்கலாம். உதாரணத்துக்கு 9 லட்சம் எஸ்டிமேட்டுன்னா உங்க பங்கு 3 லட்சம். மக்கள் பங்கு பாதியோ அதுக்கு மேலயோ இருந்துச்சுன்னா வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் அனுமதி கேக்கலாம், இல்லன்னா டெண்டர்தான்.

விண்ணப்பம் கலெக்டருக்கு. அதுல என்ன வேலை, எந்த எடம், சர்வே நம்பர், மக்கள் பங்கு எவ்ளோ தர சம்மதம், இதைத் தெளிவா எழுதி மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில குடுக்கணும். அங்கேருந்து ஒன்றியத்துக்கு வரும், பொறியாளர் வந்து எடத்தைப் பாத்து மதிப்பீடு போடுவார். உங்க பங்குப் பணத்தை டிமாண்ட் டிராஃப்டா மட்டும் குடுங்க, யார் பேருக்கு எடுக்கணும்னு ஆபீஸ்லயே கேட்டு எழுதிக்கிட்டு எடுங்க. ரொக்கமா யார் கையிலயும் குடுக்க வேண்டாம், அது எவ்ளோ தெரிஞ்சவரா இருந்தாலும்.

ஊராட்சித் தீர்மானம் வேணும். உங்க மாவட்டத்துல 2025 ஜனவரியோட ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சுபோச்சு, அப்பலேருந்து தனி அலுவலர் பொறுப்பு. அதனால தலைவர் வரட்டும்னு காத்துக்கிட்டு உக்காராதீங்க, பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல போய்க் கேளுங்க. கிராம சபை வழக்கம்போல நடக்குது, அதுல மனு குடுத்து தீர்மான நோட்டுல ஏத்தச் சொல்லுங்க. எழுதுனாங்களான்னு நின்னு பாத்துட்டு, நகல் கேட்டு வாங்கிட்டு வாங்க.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க, இப்படிக் கட்டுற கட்டடம் ஊராட்சிச் சொத்து. மன்றத்துச் சொத்து இல்ல. இதைக் கேட்டதும் பல ஊர்ல பசங்க மனசு விட்டுர்றாங்க, நாம காசு போட்டு அவங்க பேர்லயான்னு. என் அனுபவத்துல அதுதான் நல்லது, பொதுச் சொத்துன்னா ரிப்பேருக்கும் கரண்டுக்கும் நாளைக்கு ஊராட்சியைக் கேக்கலாம். பராமரிப்பும் சாவியும் மன்றத்துக்கிட்ட இருக்கும்னு அதே தீர்மானத்துல ஒரு வரி சேத்துக்கங்க.

நூலகத் திண்ணை:

எல்லாரும் கட்டடம் கட்டுறதைப் பத்தியே பேசுறீங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்க ஊராட்சியில அண்ணா மறுமலர்ச்சித் திட்ட நூலகம் எங்க இருக்கு?

2006லேருந்து 2011 வரைக்கும் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினாங்க. ஓய்வுபெற்ற ஆளைப் பொறுப்பாப் போட்டாங்க, புத்தகமும் வந்துச்சு. அப்புறம் பல ஊர்ல பூட்டியாச்சு. நான் நூலகத் துறைல இருக்கேன், போற ஊர்ல எல்லாம் அந்தக் கட்டடத்தைத் தேடிப் பாப்பேன். ஒரு ஊர்ல உள்ள ப்ளீச்சிங் பவுடர் மூட்டையும் தெருவிளக்குச் சாமானும் அடுக்கியிருந்தாங்க, அதுக்குப் பின்னாடி இரும்பு அலமாரில பெரியார், அண்ணா, மு.வ. எல்லாம் பிரிக்காத கட்டோட அப்படியே இருந்துச்சு, கட்டின சணல் கூட அவுக்கல. எனக்கு அழுகையே வந்துருச்சு. உங்க ஊர்லயும் அப்படி ஒண்ணு இருக்கலாம். இருந்தா 9 லட்சம் வேண்டாம், ரிப்பேர் பண்ணி மன்றத்து வசம் பராமரிப்புக்குக் கேளுங்க. 

புத்தகத்துக்கு ரெண்டு வழி. ஒண்ணு, கொல்கத்தாவுல இருக்குற ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, 1972ல ஆரம்பிச்சது, மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்துக்குக் கீழ வருது. நூலகம் நடத்துற தன்னார்வ அமைப்புகளுக்குன்னே அவங்ககிட்ட தனித் திட்டம் இருக்கு. பேரேடு சார் சொன்ன பேப்பர் எல்லாம் வேணும், விண்ணப்பம் மாநில நூலகக் குழுவோட பரிந்துரை வழியாப் போகும், அதுக்கு சென்னை அண்ணா சாலையில இருக்குற பொது நூலக இயக்ககத்தைத் தொடர்பு கொள்ளணும். அவங்க வந்து பாத்தா கேக்குறது வருகைப் பதிவேடும் புத்தக இருப்புப் பதிவேடும்தான். தெனம் இருபது பேர் வர்றாங்கன்னு சொல்றீங்களே, நோட்டு வெச்சு கையெழுத்து வாங்குறீங்களா? இல்லன்னா இன்னைக்குச் சாயங்காலமே ஒரு நீள நோட்டு வாங்கிருங்க.

ரெண்டாவது, புதுக்கோட்டைல மாவட்ட நூலக அலுவலரைப் போய்ப் பாருங்க. நம்ம சொத்து வரில ஒரு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி போகுது, 1948லேருந்து இருக்குற சட்டம், இந்தியாவுக்கே முன்னோடி. அது நம்ம பணம். உங்க ஊருக்குப் பகுதி நேர நூலகம் கேட்டு மனு குடுங்க, இல்லன்னாலும் அவங்க எதுக்கு உதவ முடியும்னு கேட்டு வாங்க. கூச்சப்படாம போங்க.

கீரமங்கலத்து நண்பன்:

நான் உங்க பக்கத்துக்காரன்தான். மூணு லட்சம் எப்படி சேக்குறதுன்னு மலைச்சுப்போயிருப்பீங்க. ஆடி மாசம் நம்ம பக்கம் மொய் விருந்துல எவ்ளோ பொரளுதுன்னு உங்களுக்குத் தெரியாததா. எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துச் சுத்துச்சுவருக்கு மக்கள் பங்கு சேத்தப்போ வீட்டுக்கு 500னு வரி மாதிரி போட்டோம், வெளிநாட்டுல இருக்குற பசங்ககிட்ட தனியா கேட்டோம், யார் யார் எவ்ளோன்னு ஒரு தட்டியில எழுதி டீக்கடையில மாட்டுனோம். மாட்டின மறுநாள்லேருந்து தராதவங்களும் வந்து தந்தாங்க. 200 ரூபா தந்த ஆயா பேரும் அதுல இருந்துச்சு, அது தெனம் டீக்கடைக்கு வந்து பேத்தியைப் படிச்சுக் காட்டச் சொல்லும்.

பேரேடு:

விட்டதை ஒண்ணு சொல்லிர்றேன். பணம் வந்ததும் வேலை முடியாது. மத்திய அரசு மானியம்னா பொது நிதி விதிகள் 2017 படி, பணத்தைக் குடுத்த வேலைக்கே செலவு பண்ணோம்னு பயன்பாட்டுச் சான்று குடுக்கணும், 12-ஏ படிவம் (முன்னாடி சொன்ன வரி விலக்கு 12ஏ வேற), ஆடிட்டர் கையெழுத்தோட. அந்தப் பணத்துக்கு பேங்க்ல வட்டி வந்தா அது நம்மளோடது இல்ல, திருப்பிக் கட்டணும். அதுல வாங்கின பீரோ, ஃபேன் எல்லாத்தையும் தனிப் பதிவேட்டுல எழுதணும், அவங்க அனுமதி இல்லாம விக்கக் கூடாது. முதல் தவணைக்குச் சான்று குடுக்காததால ரெண்டாவது தவணை வராம நின்ன சங்கங்கள் என் டேபிள்லயே கெடக்கு. பில்லை எல்லாம் அப்பப்ப ஒரு கவர்ல போட்டு வைங்க.

அப்புறம் என்ன ஸ்கீம் இருக்குன்னு தேடுறதுக்கு ஒரு வழி. சட்டமன்றத்துல மானியக் கோரிக்கை, அதாவது துறை துறையா நிதி ஒதுக்குற விவாதம், நடக்கும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்புன்னு ஒண்ணு வைக்கும், தமிழ்லயே இருக்கும், இணையத்துல சும்மா கெடைக்கும். எந்தத் திட்டம், எவ்ளோ நிதி, யாருக்குன்னு அதுல வந்துரும். கூடவே உங்க மாவட்டத்துல கடந்த மூணு வருஷத்துல நமக்கு நாமே திட்டத்துல எந்தெந்த வேலைக்கு அனுமதி குடுத்தீங்கன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க, 10 ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். வாங்கின ஊர்க்காரங்க யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய்க் கேட்டுக்கலாம்.

வாய்க்கால்கரை:

மூணு வாரம் ஆச்சு, நடந்ததைச் சொல்லிர்றேன்.

நூலகத் திண்ணை அய்யா, நீங்க கேட்ட கட்டடம் எங்க ஊராட்சியில இருக்கு! எங்க ஊர்ல இல்ல, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி தாய்க் கிராமத்துல, பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பின்னாடி. நாங்க சின்ன வயசுல பாத்தது, மறந்தே போயிட்டோம். ஊராட்சிச் செயலர் சாவியைத் தேடி எடுத்துத் தொறந்து காட்டினார். ஜன்னல் கதவு ரெண்டு இல்ல, தளத்துல ஒரு மூலை ஒழுகுது, அலமாரி நாலு நல்லா இருக்கு. புத்தகத்துல பாதியைக் கரையான் தின்னுருச்சு. மீதியை அன்னைக்கே எடுத்து வெயில்ல போட்டோம்.

கமிட்டில பேசினோம். பொம்பளப் புள்ளைங்க சாயங்காலம் இருட்டுனப்புறம் ஒன்றரை கிலோமீட்டர் வர முடியாதுன்னு சொல்லிட்டாங்க, அது நியாயம்தான். அதனால அந்தக் கட்டடத்தை ரிப்பேர் பண்ணி ஞாயித்துக்கிழமை மாதிரித் தேர்வுக்கும் புத்தகத்துக்கும் வெச்சுக்கிறது, எங்க ஊர்ல நத்தம் எடத்துல ஒரு சின்னக் கட்டடத்துக்கு நமக்கு நாமே திட்டத்துல கேக்குறதுன்னு முடிவு. பழையவர் அய்யா சொன்ன மாதிரி பிடிஓ ஆபீஸ் போயாச்சு, சர்வே நம்பர் எடுத்தாச்சு. ரெண்டுக்கும் சேத்து ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மனு எழுதிருக்கோம், இதுவரைக்கும் 112 கையெழுத்து.

2019க்கு அப்புறம் உள்ள கணக்கை அறந்தாங்கில ஒரு ஆடிட்டர்கிட்ட குடுத்திருக்கோம். மினிட் புக்ல விட்டுப்போன வருஷத்தை இட்டுக்கட்டி எழுதல சார், "2021க்குப் பிறகு கூட்டம் முறையாக நடைபெறவில்லை"ன்னு அப்படியே எழுதி, இந்த மாசக் கூட்டத்தைப் புதுப் பக்கத்துல ஆரம்பிச்சோம். வருகை நோட்டும் போட்டாச்சு. நேத்து சாயங்காலம் 23 கையெழுத்து, கடைசில அஞ்சாவது படிக்கிற ஒரு பொண்ணு பேரை எழுதிட்டு, பக்கத்துல "காரணம்"னு இருந்த கட்டத்துல "கதை படிக்க"ன்னு எழுதிருக்கு.